நாய், பூனை, முயல் ஒரே வீட்டில்: ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் புழு, பூச்சி பரவாமல் தடுப்பது எப்படி?

மழைத்துளி:
வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பூனை, ஒரு முயல். சமீபத்தில் காப்பகத்திலிருந்து வளர்ந்த நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். வந்ததிலிருந்து அது ஓயாமல் சொறிகிறது. முடியை விலக்கிப் பார்த்தால் தெள்ளுப்பூச்சி. அதற்கு வைத்தியம் ஆரம்பித்துவிட்டோம். ஆனால் இப்போது சின்னப் பூனையின் வாலடியில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. கால்நடை மருத்துவர் மாத்திரை கொடுத்தார், நின்றது. சில வாரத்தில் மறுபடி வந்துவிட்டது.

நாயின் மலத்திலிருந்துதான் பூனைக்கு வந்ததா? இரண்டையும் தனித்தனி அறையில் வைத்தால் போதுமா? பூனைகள் வாசலைத் தாண்டியதே இல்லை. முயலுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்பூனை:
நீங்கள் சொல்வது நாடாப்புழுவின் துண்டுகள். புதிதாக விழுந்தது மெதுவாக நெளியும், காய்ந்தால்தான் அரிசி போல இருக்கும். இது மலத்திலிருந்து நேரடியாகத் தொற்றுவது இல்லை. தெள்ளு வழியாகத்தான் வருகிறது.

அந்தத் துண்டுக்குள் புழுவின் முட்டைகள் இருக்கும். தரையில் வாழும் தெள்ளின் இளம்புழு அந்த முட்டையைத் தின்கிறது. அது வளர்ந்து தெள்ளாகி விலங்கின் மேல் ஏறுகிறது. பூனை உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது அந்தத் தெள்ளையும் விழுங்கிவிடுகிறது. இரண்டு, மூன்று வாரத்தில் குடலில் புது நாடாப்புழு தயார். நீங்கள் கொடுத்த மாத்திரை வேலை செய்திருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். அன்று குடலில் இருந்த புழுவை அது கொன்றது. நாளைக்கு விழுங்கப்போகும் தெள்ளை அது ஒன்றும் செய்யாது.

இன்னொன்று. நாயிலும் பூனையிலும் பெரும்பாலும் இருப்பது ஒரே இனத் தெள்ளுதான். பெயர் பூனைத் தெள்ளு, ஆனால் நாய் மேலும் அது சொந்த வீடு மாதிரி இருக்கும். அதனால் நாயை மட்டும் கவனித்துப் பயன் இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் மருந்து, அதோடு வீட்டுக்கும் வைத்தியம். அறையைப் பிரிப்பதால் மட்டும் இது அடங்காது.

ஆதவன்:
நல்ல இழை, பின்தொடர்கிறேன். எனக்கும் ஒரு சந்தேகம். நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து பெரிய குழாயாக வருகிறது. அதில் கொஞ்சத்தை அளந்து பூனைக்கு விடலாமா? எடை குறைவு, அளவைக் குறைத்தால் சரியாக வருமே என்று ஒருவர் சொன்னார்.

குறிஞ்சி:
ஆதவன், விடவே கூடாது. இதை எல்லாரும் படிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன்.

நாய்க்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் அதைத் தாங்கும். பூனையின் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. அதனால் அளவைக் குறைத்தாலும் ஆபத்துதான். உடம்பு நடுக்கம், எச்சில் வடிதல், தள்ளாட்டம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்துவிடும். இங்கே எடைக் கணக்கு உதவாது. அந்த மருந்தே பூனைக்கு ஆகாது.

நேரடியாக விட்டால்தான் என்று இல்லை. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுக்கிற பூனை, நாயின் கழுத்தை நக்குகிற பூனை, இவற்றுக்கும் இதே கதி வரலாம். அதனால் பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கு மருந்து கேட்கும்போதே "வீட்டில் பூனையும் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். பெர்மெத்ரின் இல்லாத மருந்தாகவே தருவார்கள், மாத்திரையாகக்கூடத் தரலாம். ஏற்கெனவே அந்தச் சொட்டைத்தான் விட்டுவிட்டீர்கள் என்றால், முழுக்கக் காயும்வரை, முடிந்தால் இரண்டு மூன்று நாள், பூனையைத் தனி அறையில் வையுங்கள். நாய் படுத்த விரிப்பையும் பூனைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

தவறி பூனை மேல் பட்டுவிட்டால், நடுக்கம் தொடங்குமா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் பேசுங்கள், மருந்து உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பூனை தெளிவாக, நடுக்கமில்லாமல் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு, பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அந்த இடத்தைக் கழுவலாம். கொதிக்கும் சூடு வேண்டாம்.

மழைத்துளி, முயல் பற்றிக் கேட்டீர்கள். நாய்க்கும் பூனைக்கும் பழக்கமான ஃபிப்ரோனில் என்ற தெள்ளு மருந்து முயலுக்கு விஷம். முயலுக்குத் தெள்ளு வருவது உண்டு, அதனால் அதையும் பரிசோதிக்க வேண்டும். ஆனால் அதற்கு எது, எவ்வளவு என்பதை முயல் பார்த்துப் பழகிய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆதவன்:
மிக்க நன்றி குறிஞ்சி. தெளிவாகிவிட்டது. பூனைக்கு என்றே உள்ள மருந்தைத் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.

நெய்தல்:
வீட்டுக்கு வைத்தியம் என்று வெண்பூனை சொன்னதை நான் விரிக்கிறேன். எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான்.

விலங்கின் மேல் நாம் பார்க்கும் தெள்ளு மொத்தத்தில் சுமார் 5 சதவீதம் என்பார்கள். மீதி முட்டையாக, இளம்புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் 40, 50 முட்டைகூட இடும். முட்டை முடியில் ஒட்டாது. நாய் எங்கெல்லாம் போய்ப் படுக்கிறதோ, உதறுகிறதோ, அங்கெல்லாம் உதிரும். பொரிந்து வரும் இளம்புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. கம்பளத்தின் அடி, சோபா இடுக்கு, கட்டிலுக்குக் கீழே என்று உள்ளே உள்ளே போகும். அங்கே உதிர்ந்து கிடக்கும் பெரிய தெள்ளின் எச்சம்தான் (காய்ந்த ரத்தம்தான்) அதற்கு உணவு.

அதற்கு அடுத்த கட்டம் கூட்டுப்புழு. இதுதான் தலைவலி. ஒட்டும் தன்மையுள்ள கூட்டைச் சுற்றித் தூசி படிந்து, பார்த்தால் குப்பை போலவே இருக்கும். மருந்து தெளித்தாலும் உள்ளே இறங்காது. மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று பட்டால் சட்டென்று வெளியே வரும். பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்ததும் காலில் தெள்ளு ஏறுவது இதனால்தான்.

வேக்குவம் கிளீனர் உதவுவதும் இதனால்தான். முட்டையையும் தூசியையும் உறிஞ்சுவது ஒரு பக்கம். அதன் அதிர்வில் கூட்டுப்புழு வெளியே வந்து மருந்து பட்ட தரையிலோ, மருந்து போட்ட விலங்கின் மேலோ ஏறிச் சாகும், அது இன்னொரு பக்கம். ஆரம்பத்தில் தினமும் உறிஞ்சுங்கள். நடு அறையைவிட விலங்குகள் தூங்கும் இடம், சோபா மெத்தைக்கு அடியில், சுவரும் தரையும் சேரும் ஓரம் முக்கியம். முடிந்ததும் பையை இறுக்கக் கட்டி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்கும் இடத்துக்கு எடுத்துப் போகும்போது நான்கு முனையையும் உள்பக்கமாகச் சுருட்டி எடுங்கள். உதறினால் முட்டையெல்லாம் வழியெங்கும் கொட்டும்.

தெளிக்கும் மருந்து வாங்கினால் மெத்தோப்ரீன் அல்லது பைரிபிராக்சிஃபென் இருக்கிறதா என்று பாருங்கள். இவை முட்டையும் இளம்புழுவும் வளர்வதையே நிறுத்திவிடும். கூடவே வேறு என்ன மருந்து கலந்திருக்கிறது என்று உறையைப் படியுங்கள். பெர்மெத்ரின் கலந்த தெளிப்பும் உண்டு. தெளித்த அறைக்குள் அது முழுக்கக் காயும்வரை எந்த விலங்கையும் விட வேண்டாம். மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்றுக்குழாயை நிறுத்திவிட்டுத் தெளியுங்கள். மீனுக்கு இவை விஷம்.

மழைத்துளி:
பெரிய பூனையின் மேல் ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படவில்லை. அதற்கும் மருந்து போட வேண்டுமா?

வெண்பூனை:
கண்ணில் படாததை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. சுத்தமாக நக்கும் பூனை பாதித் தெள்ளை விழுங்கியே தீர்த்துவிடும். நெருக்கமான பல் உள்ள தெள்ளுச் சீப்பு வாங்குங்கள். இடுப்புக்குப் பின்னால் வாலடி வரை, அப்புறம் கழுத்தடியில், தோலைத் தொட்டபடி மெதுவாகச் சீவுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். வெறும் அழுக்கு என்றால் கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் கசியும். உயிரோடு வரும் தெள்ளை விரலால் நசுக்க வேண்டாம், சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் சீப்பை முக்குங்கள்.

வளையம் வந்தாலும் வராவிட்டாலும் இப்போது பெரிய பூனைக்கும் மருந்து வேண்டும். ஒரு விலங்கை விட்டுவைத்தால் போதும், மற்றவற்றுக்குப் போட்டது அத்தனையும் வீண்.

கானகம்:
ஒரு மாற்றுக் கருத்து. வாசலைத் தாண்டாத பூனைக்கு மாதாமாதம் வருடம் முழுவதும் ரசாயனம் போடுவது எனக்கு உடன்பாடு இல்லை. இங்கிலாந்தின் ஆறுகளில் ஃபிப்ரோனிலும் இமிடாகுளோப்ரிட் என்ற இன்னொரு தெள்ளு மருந்தும் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். செல்லப்பிராணிகளின் சொட்டு மருந்து அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். மருந்து போட்ட நாயைக் குளிப்பாட்டிய தண்ணீர் கடைசியில் ஆற்றுக்குத்தானே போகிறது? நீர்ப்பூச்சிகள் செத்தால் மீனும் பறவையும் பட்டினி. வேப்பெண்ணெய் போன்ற இயற்கை வழிகளைப் பற்றி யாரும் பேசவே இல்லையே.

குறிஞ்சி:
கானகம், உங்கள் கவலை நியாயமானது. தேவையில்லாத விலங்குக்கு வருடம் முழுவதும் போடுவதை நானும் ஆதரிக்கவில்லை. பூனை மட்டும் உள்ள வீடு, வெளியே போவதில்லை, சீப்பில் ஒன்றும் வரவில்லை என்றால், அடிக்கடி சீவிப் பார்ப்பதும் மருத்துவர் சொல்லும்போது மட்டும் மருந்து போடுவதும் போதும் என்று முடிவெடுக்கலாம். ஆனால் மழைத்துளி வீட்டில் நிலைமை வேறு. தினமும் வெளியே போய்வரும் நாய் இருக்கிறது. தரையில் தெள்ளு உற்பத்தி ஆகிக்கொண்டிருக்கிறது. இங்கே பூனை "வீட்டுக்குள் மட்டும்" என்ற கணக்கே செல்லாது, நாய் போகிற இடமெல்லாம் பூனையும் போன மாதிரிதான். இப்போது தயங்கினால் இன்னும் அதிக மாதங்கள் மருந்து போட வேண்டி வரும்.

ஆற்றைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு எல்லாருமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சொட்டு மருந்து விட்ட நாயை உடனே குளிப்பாட்டவோ நீர்நிலையில் இறக்கவோ வேண்டாம். காலிக் குழாயைச் சாக்கடையில் கழுவ வேண்டாம்.

இயற்கை வழி என்றால் எனக்கு முதல் இடத்தில் சீப்பு, இரண்டாவது வெந்நீர், மூன்றாவது வேக்குவம். எண்ணெய்களில் பயம் இருக்கிறது. பூனை மேல் எதைத் தடவினாலும் அது நக்கும். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் விஷம். பூண்டு கொடுத்தால் தெள்ளு போகும் என்பார்கள், அது பூனையின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். வேப்பெண்ணெய்யாலும் பூனைகளுக்கு உடம்பு கெட்டிருக்கிறது. இயற்கையில் கிடைப்பதாலேயே ஒன்று பூனைக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது.

கானகம்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். தொற்று அடங்கியதும் நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

இளவேனில்:
தெள்ளு பற்றி நிறையப் பேசிவிட்டோம். எங்கள் நாய்க்கு லிட்டர் பெட்டியில் (பூனை மலம் கழிக்கும் மணல் பெட்டியில்) வாய் வைக்கும் பழக்கம். மலம் வழியாகப் பரவுவது என்னென்ன?

குறிஞ்சி:
இதில் நேரம்தான் எல்லாம். மலம் விழுந்த எவ்வளவு நேரத்தில் அது தொற்றும் நிலைக்கு வருகிறது என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு.

குடலில் வாழும் ஜியார்டியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி விழுந்த உடனேயே தொற்றும். பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற இன்னொரு நுண்ணிய ஒட்டுண்ணிக்கு 1 முதல் 5 நாள் ஆகும். உருளைப்புழு முட்டைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை தேவை. அதனால் லிட்டர் பெட்டியைத் தினமும் அள்ளிவிட்டால், ஜியார்டியாவைத் தவிர மற்றவற்றில் பாதிக் கதவை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். தள்ளிப்போட்டால் உருளைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒட்டும் தன்மையுள்ள தடித்த ஓடு அதற்கு. பிளீச்சிங் திரவம் அதைக் கொல்லாது. கொதிக்கும் நீரும் நீராவியும்தான் கொல்லும்.

கொக்கிப்புழு இன்னொரு விதம். ஈரமான மண்ணில் முட்டை பொரித்து, இளம்புழு பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே போகும். மனிதர் வெறுங்காலோடு மிதித்தால் அவர்கள் தோலுக்கடியிலும் நெளிந்து நெளிந்து கோடாக ஊரும், அரிப்புத் தாங்காது. தோட்டத்தில் நாய் மலம் கழித்தால் உடனே அள்ளுங்கள்.

ஜியார்டியா வந்த விலங்கு இருந்தால் மருந்து மட்டும் போதாது. பின்புற முடியில் ஒட்டியிருக்கும் கிருமியை நக்கி மறுபடி தொற்றிக்கொள்ளும். மருந்தின் கடைசி நாளில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி நன்றாக உலர்த்த வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் வெந்நீரில் கழுவுங்கள், எல்லா விலங்கும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதை அப்போதைக்கு நிறுத்துங்கள். ஈரம் இருக்கும் இடத்தில்தான் அது பிழைக்கும், தரையைக் காயவிட்டாலே பெரும்பகுதி ஒழியும்.

லிட்டர் பெட்டிக்குப் பூனை மட்டும் நுழையும் அளவு கதவு இடைவெளியோ, மேலே ஏறி நுழையும் மூடிய பெட்டியோ வைத்தால் நாய் நெருங்காது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பூனை மலத்தைத் தின்ற நாயின் மலத்தைச் சோதித்தால், பூனையின் புழு முட்டை அப்படியே கடந்து வந்து நாய்க்குத் தொற்று இருப்பது போலக் காட்டும். பரிசோதனைக்குக் கொடுக்கும்போது அந்தப் பழக்கத்தையும் சொல்லிவிடுங்கள். ஒருமுறை "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதோடு விடவும் வேண்டாம். முட்டை எல்லா நாளும் வெளியே வருவதில்லை, வெவ்வேறு நாள் மலத்தைச் சோதிப்பது நல்லது.

டாக்சோபிளாஸ்மா வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் லிட்டர் வேலை வேறொருவருக்கு. ஆள் இல்லை என்றால் கையுறையோடு தினமும் அள்ளி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பூனையை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை, அப்படிப் பயமுறுத்துபவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

இளவேனில்:
குட்டிகளுக்கு எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

குறிஞ்சி:
நாய்க்குட்டிக்குத் தாய் வயிற்றிலேயே உருளைப்புழு வந்துவிடும், பால் வழியாகவும் வரும். அதனால் இரண்டாவது வாரத்திலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று எட்டு வாரம் வரை கொடுக்கிறார்கள். பூனைக்குட்டிக்குப் பால் வழியாகத்தான், மூன்றாவது வாரத்தில் தொடங்கலாம். தாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும். அளவு எடை பார்த்து மருத்துவர் சொல்வதுதான்.

நெய்தல்:
காதுச் சிற்றுண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூனை தலையை உதறி, காதைப் பிறாண்டி, உள்ளே காபித்தூள் மாதிரிக் கறுப்பாகப் படிந்திருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். பூனையிடமிருந்து நாய்க்கும் நாயிடமிருந்து பூனைக்கும் பக்கத்தில் படுத்தாலே போதும், போய்விடும். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக மூன்று வாரம் ஆவதால், அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாமல் சொன்ன காலம் முழுக்கப் போட வேண்டும், எல்லா விலங்குக்கும். தோலுக்குள் துளையிடும் சிற்றுண்ணியால் வரும் நாய்ச் சொறியும் ஒட்டும், மனிதர் கையிலும் அரிப்பு வரும்.

ஆதவன்:
எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுமா? பயமாக இருக்கிறது.

வெண்பூனை:
இல்லை, நிம்மதியாக இருக்கலாம் என்ற பட்டியலும் உண்டு. பேன் இனத்துக்கு இனம் வேறு, நாய்ப் பேன் பூனை மேல் பிழைக்காது. டெமோடெக்ஸ் என்ற வேறு வகைச் சொறி பெரும்பாலும் தொற்றாது, அந்த விலங்கின் எதிர்ப்புச் சக்தி சார்ந்தது. இதயப்புழு கொசு வழியாக வருவது. நாயும் பூனையும் சேர்ந்து படுப்பதால் வராது, ஆனால் ஒரே கொசு இரண்டையும் கடிக்கும் என்பதால் தடுப்பு இரண்டுக்கும் வேண்டும்.

உண்ணியில் மட்டும் கவனம். நாய்களில் அதிகம் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே தன் வாழ்க்கை முழுவதையும் முடிக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், சுவர் வெடிப்பில், திரைச்சீலை மடிப்பில் போய் ஒளியும். பிடுங்கும்போது தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, சுடுவது எல்லாம் வேண்டாம்.

மழைத்துளி:
எல்லாருக்கும் நன்றி. நாய், பூனைகளுக்கு அவற்றுக்கென்று உள்ள மருந்தை ஒரே நாளில் போடுவதாக முடிவு. முயலை மருத்துவரிடம் காட்டப்போகிறோம். இரண்டு கேள்வி பாக்கி. மருந்து போட்ட பிறகும் தெள்ளு தெரிந்தால் மருந்தை மாற்ற வேண்டுமா? இனி புது விலங்கு வந்தால் என்ன செய்வது?

குறிஞ்சி:
அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், மேலே இன்னொரு மருந்தைச் சேர்க்கவும் வேண்டாம். தரையில் இருக்கும் கூட்டுப்புழு வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். புதிதாகத் தாவும் தெள்ளு சில வாரங்களுக்குத் தெரியலாம், அவை மருந்து பட்டுச் சாகும். எண்ணிக்கை குறைகிறதா என்று சீப்பு சொல்லும். தவணை தவறாமல் மூன்று மாதமாவது தொடருங்கள். குறையவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, ஏதாவது ஒரு விலங்கு விடுபட்டதா, வாசலுக்கு வரும் தெருப்பூனை ஏதாவது திண்ணையிலோ மாடிப்படி அடியிலோ தூங்குகிறதா, எடைக்குக் குறைவான மருந்து போட்டோமா என்பது.

பூனையின் வாலடியில் துண்டுகள் மறுபடி தெரிந்தால் புழு மாத்திரை மறுபடி தேவை, ஆனால் அது எங்கோ தெள்ளு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும் அடையாளமும்தான்.

புது விலங்கைக் குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். அதற்கென்று தனிக் கிண்ணம், தனி விரிப்பு, தனிச் சீப்பு. கம்பளம் இல்லாத, துடைக்க எளிதான அறையாக இருந்தால் நல்லது. வந்த அன்றே சீவிப் பாருங்கள், காதுக்குள் பாருங்கள், மலத்தைச் சோதனைக்குக் கொடுங்கள். பழைய விலங்குகளுக்கு முதலில் சோறு, தண்ணீர், கொஞ்சல் எல்லாம் முடித்துவிட்டு, அப்புறம் புது விலங்கின் அறைக்குப் போங்கள். திரும்பி வரும்போது கையைக் கழுவி, மேல்துணியை மாற்றிவிடுங்கள்.

மழைத்துளி:
முயல் கூண்டு நாய் படுக்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கே அதை வேறு அறைக்கு மாற்றிவிடுகிறேன்.